மறுமொழி: சாப்பரோனுக்குத் தமிழில் என்ன சொல்வது?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

> புரதங்களும் நோய்களும் பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். 'சாப்பரோன்' (chaperone) பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இப்போதைக்கு 'துணைப்புரதம்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

வேண்டாம் என்பேன். துணைநொதி, துணைக்காரணி, துணையலகு என்று பாடநூல்களில் 'துணை' ஏற்கெனவே வரிசை கட்டி நிற்கிறது. அவையெல்லாம் கூடவே இருந்தால்தான் வேலை நடக்கும். சாப்பரோன் நேர்மாறானது, காரியம் முடிந்ததும் கழன்றுகொள்ள வேண்டும். 1987இல் உயிர்வேதியியலர் ஜான் எல்லிஸ் இந்தச் சொல்லின் எல்லையை விரித்தபோது, சங்கிலியாக உருவாகும் பிற புரதங்கள் உரிய வடிவத்துக்குச் சரியாக மடியவும் ஒன்றுகூடவும் அது உதவும், ஆனால் முடிவில் உருவாகும் அமைப்பில் அதற்கு இடமில்லை என்றுதான் வரையறுத்தார்.

> ஆங்கிலத்தில் அது இளம்பெண்ணுக்குக் காவலாக உடன்செல்லும் மூத்த பெண்மணி. நம் அகத்திணையில் தோழியும் செவிலியும் இருக்கிறார்களே, எடுத்துக்கொண்டால் என்ன?

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் தோழியின் வேலை தலைவியைத் தலைவனோடு சேர்த்துவைப்பது. 1978இல் ரான் லாஸ்கி குழுவினர் இந்தப் பெயரை முதன்முதலில் சூட்டிய நியூக்ளியோபிளாஸ்மின் என்ற புரதம் செய்வதைப் பாருங்கள். தவளை முட்டையில் இருக்கும் ஹிஸ்டோன்கள், அதாவது டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதங்கள், நேர்மின்னூட்டம் மிகுந்தவை. டிஎன்ஏ எதிர்மின்னூட்டம் உடையது. சோதனைக்குழாயில் இரண்டையும் நேரடியாகக் கலந்தால் கட்டிகட்டியாகப் படிந்துவிடும். நியூக்ளியோபிளாஸ்மின் ஹிஸ்டோனைப் பற்றிக்கொண்டு அந்த அவசரக் கூட்டைத் தடுக்கிறது, முறையாகச் சேரவிட்டுத் தான் ஒதுங்குகிறது. இது தோழியின் குணம் அல்ல. மகளை வீட்டுக்குள் வைத்துக் காவல்காக்கும், அதாவது இற்செறிக்கும், தாயின் குணம்! செவிலியோ இன்று மருத்துவமனைக்குப் போய்விட்டாள். 'செவிலி பற்றாக்குறையால் நோய் வருகிறது' என்று எழுதினால் வாசகர் பணிநியமனம் பற்றிய செய்தி என்றே நினைப்பார்.

> 'காப்புப்புரதம்' எளிமையாக இருக்கிறது.

எளிமைதான், உண்மை இல்லை. நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபுநோயை எடுத்துக்கொள்வோம். நுரையீரல் செல்களின் சவ்வில் குளோரைடைக் கடத்த வேண்டிய புரதத்துக்கு 1480 அமினோ அமிலங்கள். மிகப் பரவலான மரபுப்பிழையில், 508ஆம் இடத்து ஃபீனைல்அலனின் ஒன்று மட்டும் விடுபட்டுப்போகிறது. அந்தப் புரதம் சவ்வுக்குப் போய்ச் சேர்ந்தால் ஓரளவேனும் வேலை செய்யக்கூடியதே. சேரவிடுவதில்லை. சரியாக மடியவில்லை என்று கண்டுகொண்ட சாப்பரோன்களே அதைப் பிடித்துவைத்து, யுபிகுட்டின் என்ற சிறு புரதத்தால் 'சிதைக்க வேண்டியது' என்ற முத்திரை விழச்செய்து, சிதைப்பதற்கு அனுப்பிவைக்கின்றன. காப்பதும் கைவிடுவதும் ஒரே கையால் நடக்கும்போது 'காப்பு' என்பது பாதிக் கதை.

'மடிப்புத்துணை' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இருக்கும் பரிந்துரைகளில் நல்லது. ஆனால் எல்லாச் சாப்பரோனும் மடித்துக்கொடுப்பதில்லை. கண்வில்லையில் நிறைந்திருக்கும் ஆல்ஃபா-கிரிஸ்டலினைப் பாருங்கள். வில்லையின் நார்ச்செல்கள் முதிரும்போது உட்கருவையே இழந்துவிடுகின்றன. அதன்பின் அங்கே புதுப் புரதம் உருவாவதில்லை. வில்லையின் நடுப்பகுதி கருவில் உருவான புரதத்தோடுதான் அறுபது எழுபது ஆண்டு பார்த்தாக வேண்டும். வெயிலும் வயதும் அவற்றைக் குலைக்கக் குலைக்க, உள்ளே மறைந்திருந்த நீர்வெறுப்புப் பகுதிகள் வெளியே வந்து ஒன்றையொன்று பற்றத் துடிக்கின்றன. ஆல்ஃபா-கிரிஸ்டலின் அவற்றை அப்படியே பிடித்துவைத்துக்கொள்கிறது. திருப்பி மடிப்பதில்லை, திரளாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கையிருப்பு தீர்ந்துபோனால், வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு போல வில்லை ஒளியைச் சிதறடிக்கத் தொடங்குகிறது. அதுதான் கண்புரை. இதில் மடிப்பு எங்கே?

இனி என் பரிந்துரை: வழித்துணை.

காரணம் ஒரு மருந்து. ஃபேப்ரி என்ற மரபுநோயில், செல்லின் செரிமான அறையான லைசோசோமுக்குப் போய் ஒருவகைக் கொழுப்பைச் சிதைக்க வேண்டிய ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் என்ற நொதி பழுதுபட்டிருக்கிறது. சிலருக்கு நொதி முழுதாகக் கெடவில்லை. நிலையாக நிற்க மாட்டாததால், உருவாகும் இடத்திலேயே தடுக்கப்பட்டுச் சிதைக்கப்படுகிறது. கொழுப்பு சிறுநீரகத்திலும் இதயத்திலும் சேர்கிறது. மிகாலாஸ்டாட் என்ற சிறு மூலக்கூறு அந்த நொதியின் குழிவுக்குள் பொருந்தி அதை நிலைநிறுத்துகிறது, லைசோசோம் வரை கூடவே போகிறது, அங்குள்ள அமிலத்தன்மையில் கழன்றுகொள்கிறது, நொதி வேலையைத் தொடங்குகிறது. ஐரோப்பாவில் 2016இலும் அமெரிக்காவில் 2018இலும் ஒப்புதல் பெற்றது. இதையும் சாப்பரோன் என்றுதான் அழைக்கிறார்கள். இது புரதமே அல்ல! ஆகவே சொல்லின் வேரிலேயே 'புரதம்' ஒட்டிக்கொண்டிருந்தால் இங்கே மாட்டிக்கொள்வோம். 'மருந்து வழித்துணை' என்றால் மாட்டமாட்டோம். புரதமானால் 'வழித்துணைப் புரதம்'. அதற்கும் உதவும் புரதம் 'இணை வழித்துணை'. விரிஞ்சிபுரத்து ஈசன் வழித்துணைநாதர் என்ற பெயரைப் பல காலமாகத் தாங்கி நிற்கிறார். வட ஆர்க்காட்டு வாசகர்களுக்காவது பொருள் விளக்க வேண்டியிராது.

சூடுபட்டால் செல் மிகுதியாக உண்டாக்கும் புரதங்களுக்கு வழங்கும் 'வெப்ப அதிர்ச்சிப் புரதம்' என்ற பெயரை மட்டும் தொடவேண்டாம். 1962இல் இத்தாலிய மரபியலர் ரிட்டோசா பழ ஈயின் குரோமோசோம்களில் வெப்பத்தால் எழுந்த புடைப்புகளைக் கண்ட வரலாறு அதில் இருக்கிறது. மேலும் அவற்றில் பல சாப்பரோன்கள்தான் என்றாலும் எல்லாமே அல்ல.

அன்புடன்.

---

> வழித்துணை என்கிறீர்கள். நீங்களே சொன்ன சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் துணையாக வந்ததே காட்டிக்கொடுக்கிறதே? 'காப்பு'க்குச் சொன்ன குற்றம் இதற்கும் பொருந்தாதா?

நல்ல கேள்வி. காப்பு என்றால் முடிவுக்கு உறுதி கொடுக்கிறோம். துணை என்றால் உடன்வருவதற்கு மட்டுமே உறுதி. போய்ச்சேரும் இடம் சவ்வா சிதைப்பிடமா என்பதைச் சொல் தீர்மானிக்க வேண்டியதில்லை.

---

> சரி, வழித்துணை என்றே மாற்றிவிடுகிறேன். இன்னும் இரண்டு: தவறாக மடிவதற்குப் 'பிறழ்மடிப்பு' போதுமா? ஏழேழு அலகாக இரண்டு வளையம் அடுக்கி, மூடியும் போட்டுக்கொண்டு, உள்ளே ஒரு புரதத்தைத் தனியாக அடைத்து மடியவிடும் குரோஎல் போன்ற சாப்பரோனின்களுக்கு என்ன சொல்ல?

பிறழ்மடிப்பு நன்று, அப்படி மடிந்தவை ஒன்றோடொன்று ஒட்டி உருவாவதற்குத் 'திரள்' போதும், 'திரட்சி' வேண்டாம், அது வேறு இடங்களில் புழங்குகிறது. சாப்பரோனினுக்குக் 'கூண்டு வழித்துணை' என்று வைத்து அடுத்த அத்தியாயத்தை எழுதிப் பாருங்கள். வாக்கியம் இடறினால் அந்த வாக்கியத்தையே இங்கே அனுப்புங்கள்.