"கொழும்பு" சரியாக வந்தும் ஜேசன் டெஸ்ட் விழுகிறதே, ஏன்?

கேள்வி
கிளை முகவரிகளை ஜேசனாக (தரவை எழுதி அனுப்பும் உரை வடிவம்) தரும் ஏபிஐ (நிரல்கள் தரவு கேட்டுப் பெறும் வழி) ஒன்றுக்குப் பைதன் நிரல்மொழியில் டெஸ்ட் எழுதுகிறேன். ஸ்டேட்டஸ் 200 (கோரிக்கை வெற்றி), ஸ்கீமாவும் (தரவின் அமைப்பு விதி) பொருந்துகிறது. ஆனால் சில பதிவுகளில் மட்டும் நகரத்தின் பெயரை ஒப்பிடும் அசெர்ட் (டெஸ்டின் சரிபார்ப்பு வரி) விழுகிறது. இரண்டு பக்கமும் "கொழும்பு" என்றுதான் தெரிகிறது. ஓரத்து வெற்றிடங்களை நீக்கும் ஸ்ட்ரிப் போட்டும் மாறவில்லை.

பதில் 1
இரண்டுக்கும் லென் (குறிகளை எண்ணும் கட்டளை) போட்டுப் பாருங்கோ. ஒன்று 8, மற்றது 9 என்று வரும். சிக்கல் "கொ"வில் இருக்கிறது. ககரத்துக்குப் பின் ஒரே குறியாகவும் (ொ, யூனிகோட் எழுத்து எண் 3018) வரலாம். ெ, ா என இரண்டாகவும் (3014, 3006) வரலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. யுடிஎஃப்-8 சேமிப்பு முறையில் முன்னது 24 பைட், பின்னது 27. இவற்றை ஒன்றாக்கும்படி ஜேசன் தரநிலை (ஆர்எஃப்சி 8259) கேட்கவில்லை. பார்சர் (ஜேசனைப் படிக்கும் நிரல்) வந்ததை வந்தபடியே தரும். இரு பக்கத்தையும் என்எஃப்சி வடிவுக்கு (இத்தகைய இரு குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) நோர்மலைஸ் செய்தால், அதாவது ஒரே சீராக்கினால், பொருந்தும்.

பதில் 2
காரணம் அதுதான். ஆனால் டெஸ்டுக்குள் மட்டும் நோர்மலைஸ் செய்து பாஸ் ஆக்கிவிடாதீர்கள். அந்த அசெர்ட் உண்மையான பிழையைப் பிடித்திருக்கிறது. டேட்டாபேஸ் குறிக்குக் குறி ஒப்பிட்டால், 8 குறியில் தேடுபவருக்கு 9 குறியில் கிடக்கும் கிளை அகப்படாது. பதிவு உள்ளே வரும் இடத்திலேயே என்எஃப்சி ஆக்குங்கள். பழையவற்றுக்கு ஒருமுறை ஸ்கிரிப்ட் ஓட்டுங்கள். பிறகு 9 குறி வடிவத்தைப் போஸ்ட் செய்து (ஏபிஐக்கு அனுப்பி), கெட் கோரிக்கையில் (திரும்பக் கேட்கையில்) 8 ஆகத் திரும்புகிறதா என்று டெஸ்ட் எழுதுங்கள்.

என்எஃப்சிக்கும் அகப்படாத ஒன்று, கொழும்பு வீதிப் பெயரான "பௌத்தாலோக மாவத்தை". ௌ (3020) வரவேண்டிய இடத்தில் ெ போட்டு ளகரத்தை (2995) தட்டியிருந்தால், கணினிக்கு அது வேறு சொல். ெ-க்குப் பின் ள வந்தால் பிழை என்று ரெஜெக்ஸ் (எழுத்துக் கோலம் தேடும் விதி) எழுதவும் முடியாது, வெள்ளவத்தை போன்ற சரியான பெயரும் மாட்டிக்கொள்ளும். வீதிப் பெயர்களைச் சரிபார்த்த பட்டியலோடுதான் ஒப்பிட வேண்டும்.

கேட்டவர்
8, 9 என்றே வந்தது, நன்றி. ஏபிஐ தரும் பதிலின் மூல உரையில் தமிழே இல்லாமல் எஸ்கேப் குறிகளாக (எழுத்துக்குப் பதில் அதன் யூனிகோட் எண்) வருகிறது. அதுவும் பிழையா?

பதில் 2
இல்லை. பைதனின் ஜேசன் மொடியூல் இயல்பாகவே அப்படித்தான் எழுதும். மூல உரையை ஒப்பிடாமல் பார்ஸ் செய்தபின் ஒப்பிடுங்கள். அப்போது கீகளின் (புலப் பெயர்களின்) வரிசை மாறினாலும் டெஸ்ட் விழாது.

பதில் 3
முகவரியோடு தொலைபேசி எண்ணும் வருமென்றால் ஸ்கீமாவில் அதை ஸ்ட்ரிங் (உரை) என்றே வையுங்கள். நம்பராகச் சேமித்தால் கொழும்புக் குறியீடான 011இன் முன் பூச்சியம் போய்விடும். ஜேசனில் பூச்சியத்தில் தொடங்கும் முழு எண்ணுக்கு இடமே இல்லை, பார்சர் நிராகரிக்கும். பூச்சியத்தோடு சரியாக 10 இலக்கம் என்று பேட்டர்னும் போடுங்கள்.