ஐந்து தந்தி பேஸ் கிட்டார்: பி தந்தியின் தெளிவு குறித்து ஆலோசனை தேவை

நண்பர்களுக்கு வணக்கம். நான்கு தந்தி பேஸ் கிட்டார் வாசித்துவரும் நான், உயர்தரமான ஐந்து தந்தி கருவி ஒன்றை வாங்க எண்ணி, இரண்டை வாசித்துப் பார்த்தும் முடிவெடுக்க இயலாமல் இருக்கிறேன்.

முதலாவது, 34 அங்குலத் தந்தி நீளமும் (தந்தியின் அதிரும் பகுதியின் நீளம்) போல்ட் கொண்டு இணைத்த கழுத்தும் உடையது. விரல் பட்டவுடன் ஒலி சட்டென்று எழுகிறது. கழுத்தின் பின்புறம் பளபளப்புப் பூச்சின்றி மரமாகவே இருப்பதால் கட்டைவிரல் ஒட்டாமல் வழுக்கிச் செல்கிறது. ஆனால், ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸில் அதிரும், ஐந்து தந்திகளில் மிகத் தாழ்ந்த சுருதியுடைய பி தந்தி மட்டும் சற்றுத் தளர்ந்து, சுருதி கலங்கியதுபோல் கேட்கிறது. இரண்டாவது 35 அங்குலம். கழுத்து உடலின் ஊடாகவே செல்லும் அமைப்பு. அதில் பி தந்தி விறைப்பாக நின்று பேசுகிறது, நாதமும் நெடுநேரம் நீடிக்கிறது. எனினும் முதல் ஃப்ரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில்) இடக்கை அதிகம் நீள வேண்டியிருக்கிறது, மிக உயர்ந்த சுருதியுடைய ஜி தந்தியும் மெலிந்து ஒலிக்கிறது. (மரத்தின் அழகு எனக்கு இரண்டாம்பட்சம்.) இரண்டையும் ப்ரீஆம்பை (கருவிக்குள் இருக்கும் ஒலிபெருக்கிச் சுற்றை) அணைத்து, அதன் உதவியில்லாத பாஸிவ் நிலையிலேயே ஒப்பிட்டேன்.

முதல் கருவியில் பி தந்தியை 0.130 அங்குலத்திலிருந்து 0.135 அங்குலத் தடிமனுக்கு மாற்றினால் அந்தத் தளர்வு நீங்குமா, அல்லது தடிமன் கூடக்கூட மேற்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் ஹார்மோனிக்குகள்) மங்கிவிடுமா என்பதை, இரு நீளங்களிலும் வாசித்துப் பழகியவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.