முத்துப்பேட்டை அலையாத்திக் காடு: கஜா பாதிப்பைச் செயற்கைக்கோள் படங்களில் எப்படிக் கணிப்பது?

கேள்வி – தாழைமடல்

அனைவருக்கும் வணக்கம். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலால் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு நேர்ந்த பாதிப்பையும், அதன்பின் காடு எந்த அளவுக்கு மீண்டிருக்கிறது என்பதையும் முதுகலை ஆய்வேட்டுக்காக அளந்து வருகிறேன். செயற்கைக்கோள் படங்களை இணையவழியே அலசும் கூகுள் எர்த் எஞ்சின் தளத்தில், ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2இன் படங்களைக் கொண்டு, அண்மை அகச்சிவப்பு, குறுஅலை அகச்சிவப்பு ஆகிய அலைநீளப் பட்டைகளிலிருந்து என்.பி.ஆர். குறியீட்டைக் கணக்கிடுகிறேன் (இரு பட்டை மதிப்புகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறும் எண்; இலையடர்ந்த காட்டில் உயர்ந்தும் இலையிழந்த இடத்தில் தாழ்ந்தும் இருக்கும்). புயலுக்குப் பின் குறியீடு சட்டென்று விழுந்து, பிறகு மெல்ல ஏறுவது தெளிவாகத் தெரிகிறது. எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. புயலுக்கு அடுத்து கிடைத்த முதல் தெளிவான படத்தில் குறியீடு விழுந்த பிக்சல்களையெல்லாம் அழிந்த காடு என்று வரைபடத்தில் குறிக்கலாமா? அடுத்து, 2022 பிப்ரவரியில் புயல் ஏதும் இல்லாமலேயே காடு முழுவதும் குறியீடு ஏறத்தாழ 0.2 குறைகிறதே, ஏன்?

மறுமொழி – கோரையாற்றங்கரை

இரண்டாவது ஐயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். காட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எண்களைப் பதியும் முறைதான் மாறியிருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் ஐரோப்பிய விண்வெளி முகமை சென்டினல்-2 தரவின் ஒவ்வொரு பட்டை மதிப்புடனும் 1000 கூட்டி வெளியிடுகிறது. அடர்ந்த அலையாத்தியில் அண்மை அகச்சிவப்பு 3000, குறுஅலை அகச்சிவப்பு 800 என்று வைத்துக்கொண்டால் குறியீடு 0.58 வரும். இரண்டிலும் 1000 கூடி 4000, 1800 ஆகும்போது வேறுபாடு அதே 2200ஆக நிற்க, கூட்டுத்தொகை மட்டும் 5800ஆக உயர்வதால் குறியீடு 0.38க்கு இறங்கிவிடும். நீங்கள் காணும் 0.2 இதுதான். எர்த் எஞ்சினில் 'ஹார்மனைஸ்டு' என்று பெயரிட்ட தொகுப்பை எடுத்தால் இந்த 1000 கழிக்கப்பட்டே கிடைக்கும்.

மறுமொழி – உப்பங்கழி

முதல் கேள்விக்கு என் பதில்: கூடாது. அந்தப் படம் காட்டுவது இலையிழப்பை. மரத்தின் சாவை அன்று. முத்துப்பேட்டையில் பெரும்பான்மையாக நிற்பது அவிசென்னியா மரினா என்ற அலையாத்தி இனம். இலைகள் உதிர்ந்து கிளைகள் முறிந்தாலும், அடிமரம் பிழைத்திருந்தால் மரப்பட்டைக்கு அடியிலுள்ள மொட்டுகளிலிருந்து மீண்டும் துளிர்க்கக்கூடிய இனம் அது. மற்றோர் அலையாத்தி வகையான ரைசோஃபோராவின் முதிர்ந்த மரங்களுக்கு இந்த ஆற்றல் மிகக் குறைவு. ஆகவே 2019, 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு பிக்சலின் போக்கையும் பார்த்து, ஏறியவற்றை இலையிழப்பு என்றும், ஏறாமல் தரையோடு கிடப்பவற்றை மரச்சாவு என்றும் பிரித்து, இரண்டிலும் சில இடங்களையாவது படகில் சென்று நேரில் பார்த்த பிறகே 'அழிந்த காடு' என்ற சொல்லை எழுதுங்கள்.

எல்லா ஆண்டுகளிலும் ஒரே பருவத்தை ஒப்பிடுவதும் முக்கியம். வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் கொண்டுவரும் நீர் காயலில் நிரம்பி, மரங்கள் அடர்த்தியற்ற இடங்களில் அடியில் தேங்கும்போது, குறுஅலை அகச்சிவப்பை நீர் உறிஞ்சிக்கொள்வதால் குறியீடு மாறிவிடும். மழை ஓய்ந்து வானம் தெளியும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான படங்களின் இடைநிலை மதிப்பு உங்கள் பணிக்குப் பொருத்தமாக இருக்கும்.

தாழைமடல்

இருவருக்கும் மிக்க நன்றி. ஹார்மனைஸ்டு தொகுப்புக்கு மாற்றியதும் 2022இன் சரிவு மறைந்துவிட்டது. புயலுக்கு முந்தைய நிலையை இன்னும் பின்னோக்கிக் கொண்டு செல்ல வழியுண்டா? 2000ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கும் உலகளாவிய மரப்பரப்பு இழப்பு வரைபடம் போதுமா?

மறுமொழி – உப்பங்கழி

அதை மட்டும் நம்ப வேண்டாம். 5 மீட்டருக்கு மேல் உயர்ந்த தாவரங்களையே அந்த வரைபடம் மரம் எனக் கொள்கிறது. முத்துப்பேட்டையின் அலையாத்திகளில் கணிசமானவை அந்த உயரத்தை எட்டாதவை. 1984இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 5 முதல் இன்றைய லேண்ட்சாட் 9 வரையிலான அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்கள், ஒரு பிக்சலுக்கு 30 மீட்டர் என்ற அளவில், இலவசமாகக் கிடைக்கின்றன. லேண்ட்சாட் 7 படங்களில் மட்டும், 2003 மே 31இல் ஏற்பட்ட கருவிக் கோளாற்றுக்குப் பின் வரிவரியாக இடைவெளி இருக்கும்; அந்த இடைவெளிகளை மறைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். நீண்ட தொடரில் இன்னொன்றையும் எதிர்பார்க்கலாம்: காட்டை மீட்டெடுக்கும் பணிக்காக மீன்முள் வடிவில் வெட்டிய வாய்க்கால்கள் முதலில் குறியீட்டுச் சரிவாகவும், ஓரங்களில் நட்ட கன்றுகள் வளர்ந்த பின் ஏற்றமாகவும் தெரியும். அவற்றைப் புயல் கணக்கில் சேர்த்துவிடாமல், வாய்க்கால் வரைபடத்தை மேலே வைத்துத் தனியே நீக்கிவிடுங்கள்.