விதை என்று நினைத்துக் கொட்டிய முட்டைக்கூடுகள்

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில், மூன்றாண்டுகளாக ஒரு மண்புழுப் பெட்டி வைத்திருக்கிறேன். முதன்முறை உரம் அள்ளியபோது கையில் தட்டுப்பட்ட மூன்று நான்கு மில்லிமீட்டர் நீள மணிகளை ஏதோ காய்கறி விதைகள் என்று எண்ணி, உரத்தோடு கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டிவிட்டேன். "விதைக்கு இரண்டு பக்கமும் எலுமிச்சை மாதிரி கூர் இருக்குமா, மாப்பிள்ளை?" என்று மாமியார் கேட்ட பிறகே அவை புழுக்களின் முட்டைக்கூடுகள் என்று புரிந்தது.

மிஞ்சியிருந்தவற்றில் பன்னிரண்டைப் பொறுக்கி, நனைத்துப் பிழிந்த தென்னை நார்த்தூள் பரப்பிய தயிர் டப்பாவில் இட்டு, மூடியில் ஊசியால் துளையிட்டு, குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்தேன். அது என் பிழை. அங்குள்ள வெப்பத்தில் நார்த்தூள் காய்ந்து, ஒரே வாரத்தில் நான்கு கூடுகள் சுருங்கிவிட்டன. மீதி எட்டையும் கழுவுதொட்டிக்கு அடியில் நிழலுக்கு மாற்றி, இரண்டு நாளுக்கு ஒருமுறை சில துளி நீர் மட்டும் தெளித்தேன். என்னிடம் இருப்பவை ஐசீனியா ஃபெடிடா எனப்படும் சிவப்புப் புழுக்கள்; அவற்றின் கூடு இடப்பட்டது முதல் பொரிவதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும் என்பதாலும், புதிதில் வெளிர்மஞ்சளாக இருக்கும் கூடு பொரியும் தறுவாயில் செம்பழுப்பாக மாறும் என்பதாலும், நிறத்தைப் பார்த்தே நாள் கணக்கிட முடிந்தது.

பத்தொன்பதாம் நாள் காலையில் வெள்ளை நூல் போன்ற மூன்று குஞ்சுகள் நெளிந்தன. ஒரு கூட்டிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்டவை வருவது இயல்பே. ஈரமான பெட்டிகளில் பெருகும் சிறிய வெள்ளைப் புழுக்களோடு இவற்றைக் குழப்பி, என் நண்பர் ஒருவர் ஒரு தட்டு உரத்தையே குப்பையில் போட்டுவிட்டார். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் குஞ்சின் உடலினூடே இரத்த நாளம் சிவப்புக் கோடாகத் தெரியும். மற்றவை முழுவதும் வெள்ளையாகவே இருக்கும்.

இப்போது கூடுகளைத் தனியே பொறுக்குவதில்லை. அள்ளிய உரத்தை ஒரு வாளியில் ஈரம் குறையாமல் ஒரு மாதம் மூடி வைத்து, நடுவில் தேக்கா சந்தையில் வாங்கிய பூசணியின் ஒரு துண்டைப் புதைக்கிறேன். பொரிந்த குஞ்சுகள் தாமாகவே பூசணியில் வந்து மொய்க்கின்றன. துண்டை அப்படியே எடுத்துப் பெட்டியில் போட்டுவிடலாம். சென்ற வாரத் துண்டில் நாற்பது வரை எண்ணினேன், அதற்கு மேல் கண் வலித்தது.