ஸ்காபரோத் தமிழரும் "குடியேறிகள்" தானாம்!

வன்னியூரான்
நேற்றுப் பொங்கல் விழா மேடையில் ஒரு பிள்ளை சொல்லுது, கனடாத் தமிழரும் பூர்வகுடிகளின் மண்ணில் "குடியேறிகள்" என்று. 2005இல் பொனிட்டா லாரன்ஸ், எனாக்ஷி துவா என்று இரண்டு பேராசிரியர்கள் எழுதினவையாம்: இனவாதத்தை எதிர்க்கிற ஆய்வாளர்கள் காணி பறிபோன கதையைத் தொடுவதில்லை, வெள்ளையர் அல்லாத குடிவரவாளருக்கும் அந்தப் பறிப்பில் பங்கு இருக்கு என்று. எனக்கு வயிறு எரிந்தது. குடியேற்றம் என்றால் என்னவென்று எங்களுக்கா படிப்பிக்கிறியள்? இலங்கையின் கிழக்கில் 1949இல் தொடங்கின கல்லோயாத் திட்டத்தில் அரசாங்கமே காடு வெட்டி, வாய்க்கால் வெட்டிச் சனத்தை இருத்தினது. எங்கள் மணலாறு சிங்களக் குடியேற்றத்தில் வெலிஓயா என்று பேர் மாறினது. அதுதான் குடியேற்றம். நான் வந்தது ஒரு பெட்டியோடு.

கயல்
அண்ணை, மேடையில் பேசினது நான் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரையைப் படித்திருக்கிறேன். நீங்கள் களவெடுத்தீர்கள் என்று அதில் இல்லை. களவு போன காணியை யாரிடம் வாங்கினோம் என்பதுதான் கேள்வி. ரொறன்ரோக் காணியைப் பூர்வகுடிகளான மிசிசாகாக்களிடம் பிரித்தானியர் வாங்கினதாகச் சொல்லும் 1787 உறுதியைப் பாருங்கள். வெறும் கடதாசி. எவ்வளவு காணி, எல்லை எது, ஒன்றும் எழுதவில்லை. மிசிசாகா தலைவர்களின் அடையாளங்கள் வேறு துண்டுகளில் இருந்து ஒட்டப்பட்டிருந்தன. பிறகு 1805இல் 250,830 ஏக்கரை 10 ஷில்லிங்குக்கு எழுதி வாங்கினார்கள். ஊரில் ஒரு நொத்தாரிசு இப்படி ஒரு உறுதியைக் கொண்டுவந்தால் விட்டிருப்பீர்களா? நாம் வீடு வாங்கியிருப்பது அந்தக் காணியில்தான்.

வன்னியூரான்
பிழை. 1787 உறுதிக்குள் ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோ வராது. கிழக்கெல்லை ஆஷ்பிரிட்ஜ் குடாவோடு நின்றுவிடும். என் வீடு ஸ்காபரோவில் மார்க்கம் வீதிப் பக்கம். படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கோ.

கயல்
வராதென்றால் நிலைமை இன்னும் மோசம். ஸ்காபரோ, பூர்வகுடிகளிடம் அரசு காணியை எழுதி வாங்கின 1923 வில்லியம்ஸ் உடன்படிக்கைக்குள் இருக்கிறது. அதற்கு முன்பே நூறு வருடத்துக்கு மேலாக அங்கே தோட்டமும் வீதியும் வந்துவிட்டன. அந்த உடன்படிக்கையில் வேட்டை, மீன்பிடி உரிமையையும் பிடுங்கினார்கள். 2018இல்தான் அரசு மன்னிப்புக் கேட்டு 1.11 பில்லியன் டொலர் கொடுத்தது.

வன்னியூரான்
கேட்டது அது இல்லை. "அந்தக் காணியில்தான்" என்று எழுதினீர்களா இல்லையா? ஸ்காபரோ அந்தக் காணி இல்லை. எல்லை தெரியாதவர்கள் எங்களைக் குடியேறி என்கிறார்கள். அப்புறம், 1787 காணிக்காக அந்தச் செவ்விந்தியச் சனத்துக்கு 2010இல் 145 மில்லியன் டொலர் கொடுத்துக் கணக்குத் தீர்த்தாயிற்று.

பனங்கூடல்
கயலோடு எனக்கும் உடன்பாடு இல்லை, காரணம் வேறு. அந்தக் கட்டுரைக்கு நந்திதா சர்மாவும் சிந்தியா ரைற்றும் மறுப்பு எழுதியிருக்கிறார்கள். இடம்பெயர்ந்த எல்லோரையும் குடியேறி என்றால் இடப்பெயர்வும் காலனியாதிக்கமும் ஒன்றாகிவிடும். 145 மில்லியன் கொடுத்த அதே 2010இல்தான் சன் சீ என்ற அகதிக் கப்பலில் வந்த எங்கள் 492 பேரையும் இதே அரசு அடைத்து வைத்தது. அடைபட்டவனும் குடியேறியா? ஆனால் வன்னியூரான், "செவ்விந்தியர்" என்று இனியும் எழுதாதீர்கள். கேட்கவே கூசுது.

வன்னியூரான்
என் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. சொல்லைப் பிடித்துத் தொங்காமல் எல்லைக்கு வாருங்கள். போன மாதம் வீட்டுவாடகைத் திரியிலும் நீங்கள் இதைத்தான் செய்தீர்கள், நான் மறக்கவில்லை.

சாம்பல்
சொல்லைப் பிடித்துத் தொங்குகிறது யார்? சரி, ஒன்று கேட்கிறேன். ஊரில் உங்கள் வளவில் தலைமுறையாகக் குடிசை போட்டு வேலை செய்த சனத்துக்கு உறுதி இருந்ததா? எங்கள் அம்மாவுக்கு இருக்கவில்லை. கிணற்றில் வாளி போடவும் விடவில்லை. கல்லோயா நினைவிருக்கிற உங்களுக்கு அது ஏன் நினைவில் இல்லை?

வன்னியூரான்
சாதியை இழுக்காமல் உங்களுக்கு எழுத வராதா? பேசுகிறது கனடாவைப் பற்றி.

சாம்பல்
கல்லோயாவை இழுத்தது நீங்கள்.

கயல்
பனங்கூடல், அடைத்து வைத்ததையும் பறித்ததையும் சேர்த்துப் பார்க்கத்தான் இந்த ஆய்வே. 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு படகில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். அதைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தேன். அந்தக் கரை யாருடையது என்று ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்தக் கோபம்தான் எனக்கு. 2021இல் குடியுரிமைச் சத்தியத்திலேயே பூர்வகுடிகளின் உரிமையைச் சேர்த்துவிட்டார்கள். இனி வருகிறவர்கள் அதைச் சொல்லித்தான் குடியுரிமை எடுக்கிறார்கள்.

பனங்கூடல்
சத்தியம் செய்யச் சொல்கிறதும் அதே அரசுதான், தங்கச்சி. வந்தவனிடம் கேட்பதை அரசு முதலில் தான் செய்யட்டும்.

வன்னியூரான்
நான் சத்தியம் செய்தது 1994இல். அப்போது அதெல்லாம் இல்லை. சாம்பலுக்குப் பதில் நாளை தருவேன், விடமாட்டேன். கயலுக்கு ஒரே கேள்வி, நாலாம் தரம் கேட்கிறேன்: 1787 உறுதிக்குள் ஸ்காபரோ வருமா, வராதா?