அயலூன்றி: அயல் செடிக்கும் ஆக்கிரமிப்புச் செடிக்கும் நடுவே ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

படத்தில் இருப்பது வெட்டுக்காயப் பூண்டு. நடுவில் மஞ்சள் குமிழ், சுற்றிலும் வெளிறிய ஐந்தாறு இதழ், இதழ் நுனியில் மூன்று பல், நீண்டு நிற்கும் ஒற்றைக் காம்பு. பிள்ளைகள் தலையைச் சுண்டி விளையாடும் தாத்தாப்பூவும் இதுவே. காயத்துக்கு இதன் சாற்றைப் பிழிந்து பிழிந்து நம்மூர்ச் செடி என்றே நினைத்துவிட்டோம். பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா.

சரி, அயல் செடி என்றானதும் 'ஆக்கிரமிப்பு' என்று எழுதிவிடலாமா? நித்தியகல்யாணி மடகாஸ்கர் செடி. யாரும் விதைக்காமலே சுடுகாட்டோரம் முளைத்துப் பூக்கிறது, தன்பாட்டுக்கு இருக்கிறது. உண்ணிச்செடியோ முதுமலையில் மரங்களுக்கடியில் புதராக மண்டி, மான் மேயும் புல்லை எழவிடுவதில்லை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் எதை முதலில் பிடுங்குவது என்பதே குழம்பிப்போகும்.

உண்ணிச்செடிக்கு 'ஆக்கிரமிப்பு இனம்' இருக்கட்டும், நாளிதழ்வரை பழகிவிட்டது. நித்தியகல்யாணி போன்றவற்றுக்குத்தான் சொல் இல்லை. ஆங்கிலத்தில் naturalized என்பார்கள். அதை 'இயல்பாக்கப்பட்ட' என்று பெயர்ப்பதில் யாரோ ஆக்கிவிட்ட தொனி வருகிறது. செடி தானாக அல்லவா வேர்பிடித்தது! 'குடியேறி' வேண்டவே வேண்டாம். மனிதர்களுக்கு வழங்கும் சொல் அது. வந்தேறிகள் என்ற பேச்சின் முடிவில் 1948இல் இலங்கையின் மலையகத் தமிழர் குடியுரிமை இழந்ததை அறிந்த நாம் அதைக் களைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

'அயலூன்றி' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. அயலிலிருந்து வந்து, தானே விதைபோட்டுத் தலைமுறை தலைமுறையாக ஊன்றி நிற்பது. ஒட்டுண்ணி, சாறுண்ணி என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இதுவும் எளிதில் வரும்.

எங்கே என்பதையும் கூடவே எழுத வேண்டும். கருவேலம் நமக்கு இயலினம், அதாவது இம்மண்ணிலேயே இயல்பாக வளர்வது. ஆடுகளுக்கு நிழலும் தீவனமும் ஆகட்டும் என்று அதை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். இன்று அங்கே புல்வெளிகளை விழுங்கும் ஆக்கிரமிப்பு மரம். நாம் சீமைக்கருவேலத்தோடு படும் பாட்டை அவர்கள் நம் கருவேலத்தோடு படுகிறார்கள்.

வெட்டுக்காயப் பூண்டைச் சில பட்டியல்கள் ஆக்கிரமிப்பில் சேர்க்கின்றன. அது தரிசிலும் சாலையோரத்திலும் வெயில் தேடிப் படர்வது, அடர்ந்த காட்டு நிழலில் நிலைக்காது. ஆகவே தமிழ்நாட்டுக்கு அதை அயலூன்றி என்றே குறிப்பேன்.

குப்பைமேட்டில் ஒரு மழைக்கு முளைத்து, அடுத்த கோடையில் தடமின்றிப் போகும் அயல் செடிகளும் உண்டு. அவற்றுக்குத் தனிச்சொல் தேவையா, 'வந்துபோகும் அயலினம்' போதுமா?