கிராஃபைட்டுக்குத் தமிழ்ச்சொல்: 'ஏட்டுக்கரி' சரிவருமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் என் பேத்தி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே பென்சிலைக் கடித்தாள். "துப்பும்மா, ஈயம், விஷம்" என்று அவள் அப்பத்தா பதறினார். பிள்ளை சட்டென்று, "ரசத்தை ஈயச் சொம்புலதானே வைக்கிறீங்க அப்பத்தா?" என்று கேட்டுவிட்டாள்.

நியாயமான கேள்வி. சொம்பில் இருப்பது வெள்ளீயம். விஷம் காரீயம். பென்சிலில் இரண்டுமே இல்லை, கிராஃபைட்டும் களிமண்ணும்தான். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் மலைப்பகுதியில் கிராஃபைட் கிடைத்தபோது ஈயத்தில் ஒரு வகை என்றே நினைத்தார்கள். 1779இல் வேதியியலாளர் ஷீலே இது கரிமம் (கார்பன்) என்று காட்டினார். 1789இல் கனிமவியலாளர் வெர்னர், 'எழுது' என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து கிராஃபைட் என்று பெயர் வைத்தார். நம்மில் பலர் இன்னும் காரீயம் என்றே எழுதுகிறோம்.

கிராஃபைட்டுக்குத் தமிழ்ச்சொல்லாக நம் குழுவின் முன்மடலில் வந்த 'பென்சில் கரி' தவறில்லை, ஆனால் போதாது. நம் சிவகங்கைப் பக்கமே தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமின் சுரங்கத்தில் கிராஃபைட் வெட்டுகிறார்கள். உலோகம் உருக்கும் மூசை இதில் செய்கிறார்கள். லித்தியம் மின்கலத்தின் ஒரு முனையும் இதுதான். காரைக்குடியில் உள்ள மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியில் மின்கலம் ஆராய்பவர் 'பென்சில் கரி மின்முனை' என்று எப்படி எழுதுவார்? 'எழுதுகரி'க்கும் இதே சிக்கல்.

அதனால் 'ஏட்டுக்கரி' என்று சொல்லிப் பார்க்கிறேன். கிராஃபைட்டில் கரிம அணுக்கள் அறுகோண வலைகளாக, ஏடு ஏடாகப் படிந்திருக்கின்றன. ஓர் ஏட்டுக்குள் பிணைப்பு மிக வலுவானது, ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையில் பிடிப்பு மிகக் குறைவு. தாளில் தேய்த்ததும் ஏடுகள் வழுக்கிக் கழன்று ஒட்டிக்கொள்கின்றன, அதுவே எழுத்து. பாலேட்டில் வரும் ஏடு மெல்லிய படலம். நம்மூர்ச் செட்டியார்கள் வரவுசெலவு எழுதிய பேரேட்டில் வரும் ஏடு எழுதும் பரப்பு. இரண்டு பொருளும் இந்தக் கனிமத்துக்குப் பொருந்துவது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. கிராஃபைட்டின் ஒற்றை ஏடான கிராஃபீனுக்கும் 'ஓரேட்டுக்கரி' என்று தானாகவே சொல் கிடைத்துவிடுகிறது.

அப்புறம், பென்சிலின் உள்குச்சிக்கு 'கரித்திரி' என்று வைக்கலாம். ஏட்டுக்கரிப் பொடியையும் களிமண்ணையும் தண்ணீர்விட்டுப் பிசைந்து, தேன்குழல் பிழிவதுபோல அச்சில் பிழிந்து, காயவைத்துச் சூளையில் சுடுகிறார்கள். களிமண்ணைக் கலந்து சுடும் இந்த வழி பிரெஞ்சுக்காரர் கொன்டே 1795இல் கண்டது. களிமண் கூடினால் கோடு வெளிறும், ஏட்டுக்கரி கூடினால் கறுக்கும்.

காரைக்குடியிலிருந்து

*

அண்ணே, வணக்கம். கரித்திரி அருமை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஏட்டுக்கரியில்தான் தயக்கம். 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் 'ஏட்டுக்கறி' என்று எழுதிவிடுவார்கள். 'அடுக்குக்கரி' என்றால் என்ன?

தேவகோட்டையிலிருந்து

*

தங்கச்சி, றகரப் பிழை நிலக்கரிக்கும் வருகிறதே, அதற்காக அந்தச் சொல்லை நாம் விடவில்லை. அடுக்கு என்றதும் எனக்கு அந்த நிலக்கரிதான் நினைவுக்கு வருகிறது, அதுவும் மண்ணுக்குள் அடுக்கடுக்காகத்தான் கிடக்கிறது. ஏட்டில் உள்ள மென்மை அடுக்கில் இல்லை. ஆனாலும் வகுப்பில் நிற்பவர் நீங்கள். பிள்ளைகள் வாயில் எது நிற்கிறதோ அதையே வைத்துக்கொள்ளலாம்.

*

சரி அண்ணே. திங்கட்கிழமை எட்டாம் வகுப்பில் இரண்டையும் கரும்பலகையில் எழுதிப்போட்டுக் கேட்டுவிட்டு மடல் இடுகிறேன்.